யாக்கோபும் ஜேம்ஸும்: நம் திருமுழுக்குப் பெயர்கள் பற்றி ஒரு மதிப்பீடு

திருமுழுக்கு ஆராதனையில் திரியேக கடவுளின் பெயரும் ஒரு மனிதக் குழந்தையின் பெயரும் ஒரே மூச்சில் ஒலிக்கின்றன. முன்னதைப் பற்றி நம் இறையியல் நூல்கள் மிகுதியாகப் பேசுகின்றன. பின்னதைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் பேசுவதில்லை. பெயரிடுதல் பெற்றோரின் விருப்பம், அது குடும்பக் காரியம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் திருச்சபையின் பதிவேட்டில் எழுதப்பட்டு, சபையார் முன்னிலையில் அறிவிக்கப்பட்டு, வாழ்நாள் முழுவதும் ஒருவரைத் தொடர்ந்து வரும் ஒன்று குடும்பக் காரியம் மட்டுமே ஆகாது. தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையினர் தம் பிள்ளைகளுக்கு இட்டுவந்த பெயர்கள் எங்கிருந்து வந்தன, அவை எதைப் பறைசாற்றுகின்றன, எதை மறைக்கின்றன என்பதை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் சொல்ல விரும்புவது சுருக்கமானதே. பெயர் அழைக்கப்படுபவரின் காதில் பொருளோடு விழவேண்டும். அழைக்கிறவரையும் அழைக்கப்படுபவரையும் ஒரே பந்தியில் அமர்த்தவேண்டும். இவ்விரு அளவுகோல்களைக் கொண்டு நோக்கினால் நம் பெயர் வழக்கம் சில இடங்களில் பாராட்டுக்கும் சில இடங்களில் கண்டனத்துக்கும் உரியதாகிறது.

1. திருமறையில் பெயர்

எபிரெயத் திருமறையில் பெயர் பெரும்பாலும் ஒரு சிறு வாக்கியம். ஈசாக்கு என்பதில் நகைப்பு இருக்கிறது, ஆபிரகாமின் நகைப்பும் (ஆதி. 17:17) சாராளின் நகைப்பும் (ஆதி. 18:12) அப்பிள்ளையின் பெயருக்குள் அடங்கியுள்ளன. யாக்கோபு என்பதில் குதிங்காலைப் பற்றிய கை இருக்கிறது (ஆதி. 25:26). யோசேப்பு என்பதில் இன்னும் ஒரு மகனைக் கூட்டித் தரவேண்டும் என்ற ராகேலின் வேண்டுதல் இருக்கிறது (ஆதி. 30:24). ஏலியின் மருமகள் சாகும் தறுவாயில் தன் பிள்ளைக்கு இக்கபோத் என்று பெயரிட்டாள், மகிமை விலகிற்று என்ற ஒரு நாட்டின் துயரம் அந்த ஒரு சொல்லில் உறைந்தது (1 சாமு. 4:21). ஓசியா தீர்க்கதரிசியின் பிள்ளைகள் தெருவில் விளையாடும்போது அவர்களைக் கூப்பிட்ட ஒவ்வொரு குரலும் ஒரு பிரசங்கமாயிற்று.

புதிய ஏற்பாட்டிலும் பெயர் வாளாவிருக்கவில்லை. எலிசபெத்து பெற்ற பிள்ளைக்குத் தகப்பனின் பெயரையே இடவேண்டும் என்று அயலாரும் உறவினரும் வற்புறுத்தினர். குலத்தில் யோவான் என்ற பெயருடையவர் எவருமில்லையே என்று வாதாடினர். சகரியா எழுத்துப்பலகையை வாங்கி, பிள்ளையின் பெயர் யோவான் என்று எழுதிய பின்னரே அவருடைய நா கட்டவிழ்ந்தது (லூக்கா 1:59-64). கடவுள் கிருபை செய்தார் என்பதே அப்பெயரின் பொருள். குலவழக்கத்தை விட்டுக் கிருபையைச் சொல்லும் பெயரை ஒரு தகப்பன் தேர்ந்த இந்நிகழ்ச்சி, திருமுழுக்குப் பெயர் பற்றிய எந்த ஆராய்ச்சிக்கும் தலைவாசலாக நிற்கத் தக்கது.

பவுலடியார் பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தில் ஒநேசிமு என்ற அடிமையின் பெயரை வைத்தே சொல்லாடுகிறார். அப்பெயருக்குப் பயனுள்ளவன் என்று பொருள். முன்பு பயனற்றவனாயிருந்தவன் இப்போது தன் பெயருக்கேற்ப ஆகிவிட்டான் என்று பதினோராம் வசனத்தில் உணர்த்துகிறார். அடிமைக்கு எசமானன் இட்டது போன்ற அப்பெயரைப் பவுல் நீக்கவில்லை. அதைக் கிருபையின் வெளிச்சத்தில் புதிதாகப் பொருள்படுத்தினார். தமிழில் வாசிப்பவர் இந்நயத்தை எளிதில் கேட்க இயலாது. ஒநேசிமு என்பது நமக்கு வெறும் ஒலியே.

2. ஒலியா, பொருளா?

இங்கேதான் மொழிபெயர்ப்பாளரின் இக்கட்டு தொடங்குகிறது. பெயரை ஒலியாகக் கொணர்வதா, பொருளாகக் கொணர்வதா? தமிழில் இரு மரபுகளும் உண்டு.

கத்தோலிக்கர் நெடுங்காலம் பொருள்வழிச் சென்றனர். யோவான் அவர்களிடம் அருளப்பர் ஆனார். கிருபை செய்தார் என்ற எபிரெயப் பொருள் அருள் என்ற தமிழ்ச் சொல்லில் நின்றது. பவுல் சின்னப்பர் ஆனார்; சிறியவர் என்னும் இலத்தீன் பொருள் அதில் இருந்தது. வீரமாமுனிவர் 1726-இல் முடித்த தேம்பாவணியில் யோசேப்பை வளன் என்று அழைத்தார். கூட்டித் தருதல், பெருகுதல் என்ற பொருள் வளம் என்ற வேரோடு இசைந்தது. கேட்ட மாத்திரத்தில் தமிழர் பெயர் என்றே தோன்றும் இவை, அதே வேளையில் எபிரெயத்துக்கும் இலத்தீனுக்கும் உண்மையானவை.

சீர்திருத்தச் சபையாரோ ஒலிவழிச் சென்றனர். 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாடு முதல், பப்ரிசியுஸ், ரேனியுஸ் ஆகியோர் வழியாக, 1871-இல் நிறைவெய்திய பவர் திருப்புதல் வரை மூலமொழி ஒலியைத் தமிழ் எழுத்துக்குள் அடக்கும் முயற்சியே மேலோங்கியது. 1995-இல் இரு சபையாரும் கூடி உருவாக்கிய திருவிவிலியம் வெளிவந்தபோது கத்தோலிக்கரும் அருளப்பரை விட்டு யோவானையும், சின்னப்பரை விட்டு பவுலையும் ஏற்றனர். ஒற்றுமைக்காக அவர்கள் செய்த இவ்விட்டுக்கொடுப்பு பாராட்டத்தக்கது. ஆயினும் அந்நாளில் தமிழ்த் திருமறை ஒரு செல்வத்தை இழந்தது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

திருமறைப் பாடத்தைப் பொறுத்தவரை ஒலிவழியே சரியென்பது நம் கருத்து. யோவானும் பவுலும் ஓர் இடத்தில், ஒரு காலத்தில் வாழ்ந்த வரலாற்று மனிதர். அவர்களுடைய பெயர் மாறிவிட்டால் அவர்கள் எங்கிருந்தோ வந்தவர் என்பது மறைந்துபோம். நமது விசுவாசம் வரலாற்றில் நிகழ்ந்த ஒன்றைப் பற்றியது. ஆகவே அவ்வந்நியத் தன்மை பாடத்தில் நிற்பது நன்று.

ஆனால் ஒலிவழி ஒரு கடமையையும் உடன் சுமத்துகிறது. பாடத்தில் இழந்த பொருளைப் போதனையில் மீட்டுத் தரவேண்டும். அதை நாம் செய்தோமா என்பதே கேள்வி. மேலும் ஒலிவழி எப்போதும் ஒரே சீராகவும் நடக்கவில்லை. யாத்திராகமத்தில் மிரியாம் என்றும் சுவிசேஷத்தில் மரியாள் என்றும் வாசிக்கிறோம். இரண்டும் ஒரே எபிரெயப் பெயர். பழைய ஏற்பாட்டில் எலெயாசார், புதிய ஏற்பாட்டில் லாசரு; இரண்டாவது முதலாவதன் சுருங்கிய வடிவம். நூனின் குமாரனாகிய யோசுவாவுக்கும் நம் ஆண்டவராகிய இயேசுவுக்கும் கிரேக்கத்தில் ஒரே பெயர், தமிழில் இரண்டு. எபிரெயர் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் இளைப்பாறுதலைப் பற்றிய வாதம் இவ்வொற்றுமையின் நிழலில் நடக்கிறது என்பதை ஆயர் எடுத்துச் சொன்னாலன்றிச் சபையார் அறியார்.

ஓரிடத்தில் மட்டும் தமிழ்த் திருமறை ஆங்கிலத் திருமறையைவிட மேம்பட்டு நிற்கிறது. குலபிதாவும் யாக்கோபு, செபெதேயுவின் குமாரனும் யாக்கோபு, நிருபம் எழுதியவரும் யாக்கோபு. ஆங்கிலத்தில் குலபிதா ஜேக்கப், மற்றவர் ஜேம்ஸ். யாக்கோபுஸ் என்ற இலத்தீன் வடிவம் பிற்காலத்தில் யாக்கோமுஸ் என்று திரிந்து, பழைய பிரெஞ்சு மொழி வழியாக இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஆயிற்று. அந்த ஐரோப்பியத் திரிபைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் பின்பற்றவில்லை. அப்போஸ்தலன் தன் முன்னோனின் பெயரைத் தாங்கியவன் என்பது தமிழில் பளிச்சென்று தெரிகிறது.

இத்தகைய தெளிவை நம் மொழிபெயர்ப்பாளர் தந்திருக்க, நாமோ நம் பிள்ளைகளுக்கு ஜேம்ஸ் என்று பெயரிட்டோம். ஞாயிறுதோறும் யாக்கோபின் நிருபம் வாசிக்கப்படும்போது தன் பெயர் அழைக்கப்படுகிறது என்று அறியாத ஜேம்ஸ்கள் நம் ஆலயங்களில் அமர்ந்திருக்கின்றனர். ஜான் என்பவன் யோவானைத் தன் பெயருடையவராக எண்ணுவதில்லை. மேரி என்பவள் மிரியாம் தம்புரெடுத்ததைத் தன் பெயருடையாள் செய்ததாகக் கேட்பதில்லை. திருமறை ஒரு மொழியிலும் திருமுழுக்குப் பதிவேடு வேறொரு மொழியிலும் பேசுகின்றன. இப்பிளவு சிறிதென்று தள்ளத் தக்கதன்று.

3. முன்னோர் நடந்த மூன்று வழிகள்

தொடக்கத்தில் நிலை இவ்வாறு இருக்கவில்லை. திருமுழுக்குப் பெற்ற நம் முன்னோர் மூன்று வழிகளில் சென்றதைக் காண்கிறோம்.

முதலாவது, திருமறைப் பெயரை ஏற்பது. கடலூர்ப் பகுதியில் ஆறுமுகமாயிருந்தவர் சீகன்பால்கிடம் திருமுழுக்குப் பெற்று ஆரோன் ஆனார். 1733-இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழ்ச் சீர்திருத்தக் குருவானவர் அவரே. திருநெல்வேலிச் சீமையில் 1799-இல் முதலூர் தோன்றக் காரணராயிருந்த சுந்தரானந்தம், தாவீது என்ற பெயரை முன்னிட்டுத் தம் பழைய பெயரையும் வைத்துக்கொண்டார். இவ்விரு பெயர்களும் தமிழ்த் திருமறை ஒலியிலேயே வழங்கின என்பதைக் கவனிக்க.

இரண்டாவது, பொருளை ஏற்பது. 1745-இல் வடக்கன்குளத்தில் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்ற நீலகண்டருக்கு லாசரு என்பது பெயர். ஆனால் உலகம் அவரைத் தேவசகாயம் என்றே அறியும். கடவுள் உதவி செய்தார் என்ற எலெயாசாரின் பொருளை அப்படியே தமிழாக்கிய பெயர் அது. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் தஞ்சையில் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆகித் திரும்பினார். தென் திருவிதாங்கூரில் 1806-இல் ரிங்கல்தௌபே காலடி வைக்க வழி திறந்தவர் அவர். இவ்வழியிலிருந்துதான் ஞானமுத்து, தேவதாசன், வேதநாயகம், ஞானசிகாமணி, ஜெபமணி, அருளானந்தம், கிருபையம்மாள், பாக்கியநாதன் போன்ற பெயர்கள் பெருகின. இவற்றுள் வடசொற்கள் மலிந்திருப்பது உண்மையே. எனினும் தமிழ்நாட்டில் வயற்காட்டில் உழுபவரும் ஆலயத்துக்கு வராதவரும் கேட்டவுடன் விளங்கிக்கொண்ட பெயர்கள் அவை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதே சாட்சியாயிற்று. மொழித்தூய்மை நாடியோரும் இம்மரபுக்குள்ளேயே நின்று தம் பணியைச் செய்ய முடிந்தது. ஞானமுத்துவின் மகனான தேவநேசன் நேசத்தை நேயமாக்கித் தேவநேயன் ஆனார். பாவாணர் என்று தமிழுலகம் போற்றியவர் அவரே.

மூன்றாவது, பழைய பெயரை விடாது வைத்துக்கொள்வது. 1858-இல் திருமுழுக்குப் பெற்ற கவிஞர் ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை இதற்குச் சிறந்த சான்று. திருமுழுக்கில் பெற்ற இரு ஆங்கிலப் பெயர்களும் எச். ஏ. என்ற இரண்டு எழுத்துகளாகச் சுருங்கிப்போயின. பழைய பெயரே இரட்சணிய யாத்திரிகத்தின் ஆசிரியர் பெயராக நின்றது. கிறிஸ்தவக் காப்பியம் பாடியவர் கிருஷ்ணன் என்ற பெயரோடு இருக்கலாமா என்று இறையியல் மாணவர் சிலர் வினவுவதுண்டு. ரோமர் நிருபத்தின் பதினாறாம் அதிகாரத்தைப் படிப்பது அவர்களுக்கு விடையாகும். அங்கே பவுல் வாழ்த்தும் எர்மே கிரேக்கத் தேவனான எர்மேசின் பெயரையும், நேரே கடல் தேவனின் பெயரையும் தாங்கியவர்கள். பெபேயாளின் பெயர் ஆர்த்தெமிஸ் தேவதைக்குரிய அடைமொழி. அப்பொல்லோ, தியொனீசியு, எப்பாப்பிரோதீத்து ஆகிய பெயர்களிலும் தேவர்களின் பெயர்கள் ஒளிந்துள்ளன. அப்போஸ்தலர் இப்பெயர்களை மாற்றச் சொன்னதாக எங்கும் இல்லை. கர்த்தருக்குள் இருப்பவரின் பெயரிலிருந்து பழைய தேவனின் ஆட்சி தானாகவே விலகிற்று.

கிருஷ்ண பிள்ளையின் பெயரில் ஐயுறத்தக்க சொல் ஒன்று உண்டெனில், அது முதற்சொல்லன்று, இரண்டாவது சொல். இதனைப் பின்னர்க் காண்போம்.

4. கொடையாளரின் பெயர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நான்காவது வழி ஒன்று திறந்தது. அமெரிக்க மிஷன் 1816-இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கி, 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரி நிறுவியது. அம்மிஷனின் விடுதிப் பள்ளிகளில் ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவிலிருந்து ஏற்கும் கொடையாளர் தாம் விரும்பும் பெயரை அப்பிள்ளைக்கு இடலாம் என்ற ஏற்பாடு இருந்தது. இவ்வாறு புதிய இங்கிலாந்துச் சபைகளின் போதகர் பெயர்களும் புரவலர் பெயர்களும் யாழ்ப்பாணத்துச் சிறுவர் தலையில் ஏறின. பாவலர் சரித்திர தீபகம் இயற்றிய ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான கறல் விசுவநாதபிள்ளை ஆகியோரின் பெயர்களில் ஒரு பாதி அமெரிக்கம், ஒரு பாதி சைவம். பிற்காலத்தில் உலகத் திருச்சபை அறிந்த டி. தி. நைல்சின் முழுப்பெயரான தானியேல் தம்பிராஜா நைல்ஸ் என்பதில் எபிரெயமும் தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே நிற்கின்றன.

இதனோடு தானியேல் புத்தகத்தின் முதல் அதிகாரத்தை ஒப்பிட்டு நோக்குவது தகும். பாபிலோன் அரண்மனையில் கல்வி கற்க அழைத்துச் செல்லப்பட்ட நான்கு இளைஞருக்குப் பிரதானிகளின் தலைவன் புதிய பெயர் இட்டான். தானியேல் பெல்தெஷாத்சார் ஆனான்; அசரியா ஆபேத்நேகோ ஆனான். உணவும் கல்வியும் அளிப்பவன் பெயரையும் அளிப்பான் என்பது பேரரசுகளின் பழைய வழக்கம். மிஷனரிகளின் அன்பைப் பாபிலோனின் அதிகாரத்தோடு ஒன்றாக்குவது நன்றியறிதல் ஆகாது. ஆயினும் கொடுப்பவர் பெயரிடுகிறார், பெறுபவர் அப்பெயரைச் சுமக்கிறார் என்ற அமைப்பு இரண்டிலும் ஒன்றே. திருமுழுக்கு என்பது எவருடைய கொடையும் அன்று, கடவுளின் கிருபை என்று கற்பித்த சபையே அக்கிருபையின் பெயர் நிற்கவேண்டிய இடத்தில் புரவலரின் பெயரை நிறுத்தியது முரண்பாடு.

அதே வேதப்பகுதி வேறோர் உண்மையையும் நமக்குக் கற்பிக்கிறது. சூளையின் நடுவில் நின்றவர்களைச் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்ற பாபிலோனியப் பெயர்களாலேயே மூன்றாம் அதிகாரம் அழைக்கிறது. அந்நியப் பெயர் அவர்கள் விசுவாசத்தை அழிக்கவில்லை. எனவே ஜேம்ஸ் என்றும் மேரி என்றும் பெயர் பெற்றோரின் பக்தியை நாம் ஐயுறுவதாக எவரும் எண்ணலாகாது. பெயரைப் பெற்றவரையன்று, பெயரிடும் வழக்கத்தையே நாம் மதிப்பிடுகிறோம்.

திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பகுதிகளில் இது இன்னொரு வடிவம் எடுத்தது. மிஷனரிகளின் குடும்பப் பெயர்கள் தமிழ்ப் பிள்ளைகளின் முதற்பெயர்கள் ஆயின. கால்டுவெல், போப், சார்ஜென்ட் என்று பெயர் தாங்கியோரை இன்றும் காணலாம். இங்கே கொடையாளரின் கட்டளை இல்லை. மக்களின் நன்றியே பெயராயிற்று. அது மதிக்கத்தக்கது. எனினும் இதில் ஒரு விந்தை உண்டு. 1856-இல் வெளிவந்த ஒப்பிலக்கண நூலால் தமிழின் தனிநிலையை உலகுக்கு நிறுவிய கால்டுவெல்லை நினைவுகூரத் தமிழில் ஒரு பெயரைத் தேடாமல், அவருடைய ஆங்கிலக் குடும்பப் பெயரையே நாம் எடுத்துக்கொண்டோம்.

இக்காலத்திலோ நன்றியும் இல்லை, திருமறையும் இல்லை. காதுக்கு இனிமையாய் ஒலிக்கும் அசைகள் இரண்டு மூன்றைக் கோத்து, தாயின் பெயரில் ஓர் எழுத்தும் தந்தையின் பெயரில் ஓர் எழுத்தும் சேர்த்து, புதிதாய்ச் செய்யப்படும் பெயர்கள் பதிவேடுகளை நிறைக்கின்றன. என்ன பொருள் என்று கேட்டால் பெற்றோர் புன்னகை செய்கின்றனர். எவரிடமும் இல்லாத பெயர் வேண்டும் என்பதே காரணமாகக் கூறப்படுகிறது. அன்புதான் இதற்கும் அடிப்படை என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பெயர் குழந்தையைத் திருமறை மாந்தரோடும் இணைப்பதில்லை, பாட்டனாரோடும் இணைப்பதில்லை, அண்டை வீட்டாரோடும் இணைப்பதில்லை.

5. பெயரின் வால்

இனி நம் இரண்டாம் அளவுகோலுக்கு வருகிறோம். தமிழரிடையே ஐரோப்பியர் கொள்ளும் பொருளில் குடும்பப் பெயர் பொதுவாக இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னிற்கிறது. பெயரின் பின்னே வந்தது பெரும்பாலும் சாதிப் பட்டமே. பிள்ளை, முதலியார், நாடார் என்னும் பட்டங்கள் திருமுழுக்குத் தண்ணீரில் கரையவில்லை. டேனியல் வில்சன் பேராயர் 1833-இல் சபைக்குள் சாதி வேற்றுமை ஒழியவேண்டும் என்று சுற்றுமடல் விடுத்தபோது தஞ்சையிலும் சென்னையிலும் எழுந்த எதிர்ப்பு வரலாற்றில் பதிந்துள்ளது. தலைசிறந்த கிறிஸ்தவப் புலவரான வேதநாயக சாஸ்திரியாரும் எதிர்த்தோர் அணியிலேயே நின்றார்.

ஆகவே கிருஷ்ண பிள்ளை என்ற பெயரில் தேவனின் பெயர் செயலற்றுப்போக, சாதியின் பெயரோ உயிரோடிருந்தது. தனிப்பட்டு அவர்மேல் குற்றம் சுமத்துவது நம் கருத்தன்று. அது அக்காலத்துப் பொது வழக்கம். ஆனால் பழைய தேவனின் பெயரைக் கண்டு திடுக்கிடும் நாம் பழைய சாதியின் பெயரைக் கண்டு திடுக்கிடாதது ஏன் என்று நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும். திருமுழுக்குப் பெற்றோரிடையே யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்று கலாத்தியருக்கு உரைத்த அப்போஸ்தலன், அப்பொல்லோவின் பெயரைப் பொறுத்துக்கொண்டார். பந்தியிலிருந்து பேதுரு விலகியதைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

சபைக்கு வெளியே இருந்தவர்கள் இதில் நம்மை முந்தினர். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது. தமிழ்நாட்டில் இன்று பட்டமில்லாப் பெயர் இயல்பாயிருப்பதற்கு அவ்வியக்கம் பெருங்காரணம். நம் சபைகளும் அதன் பயனை அனுபவிக்கின்றன. 2022 மே 15-ஆம் நாள் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது பிள்ளை என்ற பட்டம் நீக்கப்பட்டே அவர் பெயர் அறிவிக்கப்பட்டது. அடித்தட்டு மக்களோடு சமமாய்ப் பழகினார் என்று நினைக்கப்படுபவருக்கு அது ஏற்ற செயலே.

பதிவேட்டில் பட்டம் மறைந்தாலும், திருமண அழைப்பிதழிலும் கல்லறைக் கல்லிலும் திருச்சபைத் தேர்தல் நாள்களிலும் அது மீண்டும் தலைகாட்டுவதை ஆயர் அனைவரும் அறிவர். எழுதப்படாத வால் எழுதப்பட்ட வாலினும் நீளமானது.

6. இரண்டு பெயர்கள்

இதனினும் வலிமிகுந்தது ஒன்றுண்டு. 1950-ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதியினர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தவர் அல்லாதாரை அப்பட்டியலிலிருந்து விலக்கியது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அவ்வாசல் திறக்கப்பட்டது. கிறிஸ்தவருக்குத் திறக்கப்படவில்லை. இதன் விளைவை நம் ஆயர்கள் நேரில் அறிவர். தலித் குடும்பங்கள் பலவற்றில் சான்றிதழில் ஒரு பெயர், சபையில் ஒரு பெயர். பள்ளியில் ஒரு பெயருக்கும் ஞாயிறு பள்ளியில் வேறு பெயருக்கும் விடை சொல்லப் பிள்ளை பழகுகிறது.

இப்பிள்ளையின் பெற்றோரைக் கோழைகள் என்று பிரசங்க பீடத்திலிருந்து கடிந்துரைப்போர் இருக்கின்றனர். அவர்களோடு நாம் உடன்படவில்லை. தீண்டாமையின் துன்பம் மதம் மாறியவுடன் நீங்கிவிடவில்லை என்பதற்கு நம் சபைகளே சாட்சி. இறந்தோரைப் புதைக்கும் இடத்திலும் சுவர் எழுப்பிய சபைகள் நம் நடுவே இருந்துள்ளன. அச்சுவரை இடிக்காதவர், அச்சுவரின் மறுபுறத்தில் நிற்பவர் இரு பெயர் வைத்திருப்பதைப் பழிக்க உரிமையற்றவர். சவுலும் இரு பெயர் உடையவரே (அப். 13:9). கண்டனம் உரியது ஆணைக்கே. அவ்வாணை ஒருநாள் மாறும்படி உழைப்பதும், அதுவரை அப்பிள்ளையின் இரு பெயரையும் மதிப்போடு காப்பதும் சபையின் கடமை.

இந்நிலையில் தமிழ்ப் பெயர்களின் மதிப்பு இன்னும் தெளிவாகிறது. அன்பரசன், அருள்மொழி, அமுதா, செல்வன் போன்ற பெயர்கள் எச்சான்றிதழிலும் இருக்கலாம், எத்திருமுழுக்குத் தொட்டியருகிலும் ஒலிக்கலாம். ஒரே பெயரோடு ஒரு பிள்ளை தலைநிமிர்ந்து வாழ இவை இடந்தருகின்றன. இவை போதிய அளவு கிறிஸ்தவப் பெயர்கள் அல்ல என்று மறுக்கும் ஆயர் எர்மேயையும் நேரேயையும் நினைவிற் கொள்வாராக.

7. சில பரிந்துரைகள்

ஆங்கில வடிவப் பெயரே உலகெங்கும் செல்லும், வேலைக்கு உதவும் என்பர். தானியேல் என்பதும் சாமுவேல் என்பதும் உலகெங்கும் சென்றுள்ளன. 1912-இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் பெயர் எடின்பரோவிலும் ஒலித்தது, தோர்ணக்கல்லிலும் ஒலித்தது. அசரியா என்பதும் கர்த்தர் உதவி செய்தார் என்ற பொருளுடையதே. தேவசகாயமும் லாசருவும் எலெயாசாரும் அசரியாவும் ஒரே அறிக்கையின் நான்கு ஒலிகள். இதை அறிந்த சபைக்குப் பெயர்ப் பஞ்சம் ஏது?

ஆகவே நாம் ஆயர்களுக்கும் இறையியல் மாணவர்க்கும் முன்வைப்பன இவை. முதலாவது, திருமுழுக்குக்கு முன் பெற்றோரைச் சந்திக்கும்போது பெயரைப் பற்றியும் பேசுக. அதை மாற்றும்படி வற்புறுத்த வேண்டா, அதன் பொருளை அறியச் செய்க. இரண்டாவது, திருமறைப் பெயர் இடுவோரைத் தமிழ்த் திருமறை வடிவத்தையே எழுதத் தூண்டுக. ஏற்கெனவே ஜேம்ஸ் ஆனவனுக்கு அவன் யாக்கோபு என்பதைத் திடப்படுத்தல் வகுப்பிலாவது கற்பிக்குக. மூன்றாவது, பொருள் விளங்கும் தமிழ்ப் பெயர்களை மனமுவந்து ஏற்குக. நான்காவது, சாதிப் பட்டத்தைச் சபையின் எப்பதிவிலும் எழுதாதிருக்க. எழுதாமலே அது ஆளும் இடங்களைத் தேடிக் களைக. ஐந்தாவது, பிரசங்கத்தில் பெயர் வரும்போதெல்லாம் அதன் பொருளைச் சொல்லுக. மொழிபெயர்ப்பில் இழந்ததை மீட்பது போதகரின் வேலை.

நல்ல மேய்ப்பர் தம் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அவை அவர் சத்தத்தை அறிந்து பின்செல்லுகின்றன என்று ஆண்டவர் உரைத்தார் (யோவான் 10:3-4). ஆயர் என்ற சொல் தமிழில் அம்மேய்ப்பரின் பணியைக் குறிப்பதே. ஓர் ஊரில் முந்நூறு குடும்பங்கள் இருக்கலாம். அவர்களுடைய பெயர்களை, எல்லாரையும் ஒரே மதிப்போடு, பொருள் தெரிந்து கூப்பிடக் கற்றுக்கொள்ளும் ஆயர் தம் பணியின் பெரும்பகுதியைக் கற்றுக்கொண்டவர் ஆவார்.